சுண்ணாம்புச் சாந்தும் சோனகத் தெருச் சுவரும்

எனது எழுத்து மேசையின் ஓரத்தில் ஒரு பழைய பால்மா டின் இருக்கிறது. அதற்குள் மூன்று சாந்துக் கட்டிகள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எனது மூத்தாப்பா கட்டிய வீட்டின் முன்னறைச் சுவரிலிருந்து எடுத்தவை அவை. பேரப்பிள்ளைகள் மிட்டாய் டின் என்று எண்ணித் திறந்து பார்த்து ஏமாந்து போவதுண்டு.

1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டுத் திறப்பைக்கூட விட்டுவிட்டுத்தான் வந்தோம். புத்தளம் எமக்கு இடம் தந்தது. அங்கே ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தேன். 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் வாப்பாவுடன் யாழ்ப்பாணம் போனேன். வீட்டில் ஓடு இல்லை, வளை இல்லை, சலாகை இல்லை, கதவு நிலைகூட இல்லை. குசினிச் சுவரில் ஆலங்கன்று வேர் விட்டிருந்தது. வாப்பா 1972இல் சேர்த்துக் கட்டிய பின்புற அறையின் கொங்கிறீட் கூரை, உள்ளிருந்த கம்பி துருவேறிப் பருத்ததால் பாளம் பாளமாகப் பிளந்து தொங்கியது. ஆனால் மூத்தாப்பா 1948இல் கட்டிய முன்னறைச் சுவர் நேராக நின்றது. மேல் வரிசைகள் மட்டும் மழையில் கரைந்து கற்கள் கழன்றிருந்தன. வாப்பா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றார். நான் கீழே உதிர்ந்து கிடந்த சாந்துக் கட்டிகளில் சிலவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

ஏன் எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. கூரையில்லாமல் 12 மாரிகள் நனைந்த சுவர் எப்படி நின்றது என்ற கேள்வி பின்னர்தான் பிறந்தது. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து வாசித்தவற்றையும், செய்து பார்த்த சிறு சோதனையையும், அவற்றால் நான் வந்தடைந்த ஒரு முடிவையும் இங்கே எழுதுகிறேன். எமது ஊர்களில் பழைய பள்ளிவாசல்களும் வீடுகளும் வேகமாக மறைந்துகொண்டிருக்கும் காலத்தில் இது சாந்தைப் பற்றிய பேச்சு மட்டுமல்ல என்பதை வாசகர்கள் உணர்வார்கள்.

கல் சாம்பலாகி மீண்டும் கல்லாவது

சுண்ணாம்பின் கதை ஒரு வட்டம். சுண்ணாம்புக்கல், முருகைக்கல், சிப்பி ஆகிய மூன்றும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் அது காபனீரொட்சைட்டை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. தூய கல்லாயின் 100 இறாத்தலில் 44 இறாத்தல் காற்றோடு போய்விடும். மிச்சத்தின் மேல் நீர் ஊற்றினால் சீறிக் கொதித்துப் பொடிந்து நீறிய சுண்ணாம்பாகும். அதை மணலோடு குழைத்துக் கல்லிடுக்கில் வைத்தால், காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்சியம் காபனேற்றாக மாறும். சூளையில் இழந்ததைச் சுவரில் மீட்டுக்கொள்கிறது. இந்த மீட்பு மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி நடப்பதால் தடித்த சுவரில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

இந்த இயல்பில் ஒரு குறையும் உண்டு. காற்றுப் படாத இடத்தில், குறிப்பாக நீருக்கடியில், தூய சுண்ணாம்பு இறுகாது. துறைமுகம், குளம், ஹவ்ழு, ஹம்மாம் போன்றவற்றைக் கட்ட விரும்பிய எல்லா நாகரிகங்களும் இந்தத் தடையில் முட்டி நின்றன. தடையை நீக்கும் வழியையும் பல இடங்களில் கண்டன. சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலையோ சுட்ட களிமண்ணின் தூளையோ கலந்தால், அவற்றிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு சேர்ந்து நீரிலும் இறுகும் ஒரு பொருளைத் தருகின்றன.

கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கட்டடக் கலைஞர் விற்றூவியஸ் இதைப் பற்றி விளக்கமாகவே எழுதினார். தோண்டியெடுத்த மணலாயின் சுண்ணாம்பு ஒன்றுக்கு மூன்று, ஆற்று மணலோ கடல் மணலோ ஆயின் ஒன்றுக்கு இரண்டு, அதனுடன் மூன்றில் ஒரு பங்கு இடித்த ஓட்டுத்தூள் சேர்த்தால் சாந்து மேம்படும் என்பது அவரது கணக்கு. கடலுக்குள் கட்டுவதற்கு நேப்பிள்ஸ் குடாவை அண்டிய பகுதியின் எரிமலைச் சாம்பலை விதந்துரைத்தார். அடுத்த நூற்றாண்டில் எழுதிய பிளினி, மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் குழியில் கிடந்த நீற்றுச் சுண்ணாம்பையே ஒப்பந்தக்காரர் பயன்படுத்த வேண்டும் என்ற பழைய விதி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். கட்டடம் கட்டுபவன் அவசரப்படுவான் என்பது அன்றே சட்டம் இயற்றியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

குராஸானியும் சுர்க்கியும் கதாதும்

இஸ்லாமிய உலகில் இந்த அறிவு பல பெயர்களில் வாழ்ந்தது. துருக்கியர் ஓட்டுத்தூள் கலந்த சுண்ணாம்புச் சாந்தை ஹொராஸான் என்பர். குராஸான் என்ற நாட்டின் பெயரே அது. இந்திய உபகண்டத்தில் அதே பொருளுக்குச் சுர்க்கி என்று பெயர். சிவப்பு எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது.

இஸ்தான்புலின் ஆயா ஸோபியா 537இல் பைசாந்தியரால் கட்டி முடிக்கப்பட்டது. 558இல் அதன் குவிமாடம் இடிந்து மீளக் கட்டப்பட்டது. 1453இல் பள்ளிவாசலானது. 16ஆம் நூற்றாண்டில் மிமார் ஸினான் அதற்கு முட்டுச் சுவர்கள் எழுப்பினார். அதன் செங்கல் வரிசைகளுக்கு இடையில் சாந்து, கல்லளவுக்குத் தடிப்பாக இருக்கிறது. ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அந்தோனியா மொரோபூலுவும் அவரது குழுவினரும் அந்தச் சாந்தை ஆராய்ந்தனர். செங்கல் துணுக்குகளும் சுண்ணாம்பும் சந்திக்கும் எல்லையில் உருவான சேர்வையே அதன் வலிமைக்குக் காரணம் எனக் காட்டினர். அச்சாந்து அதிர்ச்சியைத் தாங்கிச் சற்று நெகிழ்ந்து கொடுக்கிறது. அடிக்கடி பூமி அதிரும் ஒரு நகரில் 14 நூற்றாண்டுகளாக அக்கட்டடம் நிற்பதில் சாந்துக்கும் பங்குண்டு.

இஸ்மிரைச் சேர்ந்த ஹஸன் போக்கேயும் சக ஆய்வாளரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒட்டோமன் ஹம்மாம்களின் சாந்தைப் பற்றியது. சாந்தில் கலந்த செங்கல் தூள், தாழ்ந்த வெப்பத்தில் சுட்ட, களிமண் மிகுந்த செங்கல்லிலிருந்து வந்தது என அவர்கள் கண்டனர். நன்றாக வெந்த செங்கல் சுவருக்கு நல்லது. அரைகுறையாக வெந்த செங்கல்லே சாந்துக்கு நல்லது. அதிக வெப்பத்தில் களிமண் கண்ணாடித் தன்மை அடைந்து சுண்ணாம்போடு சேரும் ஆற்றலை இழந்துவிடும். நுணுக்குக்காட்டியும் கதிர்ப்பட ஆய்வும் இல்லாத காலத்துக் கைவினைஞர் இதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

இவை எல்லாவற்றிலும் என்னை மிகவும் பாதித்தது யெமனின் கதை. ரதா நகரில் தாஹிரிய வம்சத்து சுல்தான் ஆமிர் இப்னு அப்துல் வஹ்ஹாப் 1504இல் கட்டிய ஆமிரிய்யா மத்ரஸா 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிதையும் நிலையை அடைந்திருந்தது. ஈராக்கியத் தொல்லியலாளர் ஸல்மா அல்ராழி அதைக் காப்பாற்றும் பணியை 1982இல் தொடங்கினார். அந்தக் கட்டடத்தை நீர் புகாமல் காத்தது கதாத் எனும் பூச்சு. சுண்ணாம்பையும் எரிமலைக் கற்பொடியையும் கலந்து, நாட்கணக்கில் அடித்து, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, இறுதியில் மிருகக் கொழுப்பைப் பூசி முடிப்பது. சீமெந்து வந்தபின் அந்தக் கலை ஏறக்குறைய மறைந்தே போயிருந்தது. அதனால் மத்ரஸாவைத் திருத்துவதற்கு முன் கைவினைஞரைத் திருத்த வேண்டியிருந்தது. மறந்ததை மீண்டும் பழகி, ஒரு தலைமுறைக் கொத்தரை உருவாக்கினார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது அப்பணிக்குக் கிடைத்தது. ஒரு பழைய கட்டடம் அழியும்போது அதைக் கட்டத் தெரிந்த கைகளும் சேர்ந்தே அழிகின்றன என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஸ்மீற்றனின் அமிலமும் பாடசாலை ஆய்வுகூடமும்

கைப்பழக்கம் விஞ்ஞானமாக மாறிய தருணம் ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பிளைமவுத் கடலிலே எடிஸ்ரன் பாறையில் வெளிச்சவீடு கட்டும் பொறுப்பு 1756இல் ஜோன் ஸ்மீற்றனிடம் வந்தது. அலை ஓயாத பாறை. அங்கே முன்பு கட்டிய வெளிச்சவீடுகளில் ஒன்றைப் புயல் கொண்டுபோயிற்று, மற்றொன்றைத் தீ கொண்டுபோயிற்று. ஸ்மீற்றன் பல ஊர்ச் சுண்ணாம்புக் கற்களை வரவழைத்துச் சுட்டு, சாந்து உருண்டைகள் பிடித்து நீரில் போட்டுப் பார்த்தார். சில இறுகின, சில கரைந்தன. ஏன் என்று அறிய ஒவ்வொரு கல்லையும் அமிலத்தில் கரைத்தார். நீரில் இறுகும் சுண்ணாம்பைத் தரும் கற்கள் கரைந்தபின் களிமண் மண்டியை விட்டுச் சென்றன. கடினமான வெள்ளைக் கல்லே சிறந்தது என்று அதுவரை பலரும் நம்பியிருந்தார்கள். களிமண் கலந்த, அழுக்கென்று ஒதுக்கப்பட்ட கல்லே கடலில் நிற்கும் என்று அவர் காட்டினார்.

1759இல் விளக்கேறிய அந்த வெளிச்சவீடு 1882 வரை பணிசெய்தது. அதைக் கைவிட்டதற்குக் காரணம் சாந்து அல்ல. கீழிருந்த பாறையைக் கடல் அரித்துவிட்டது. மேற்பகுதியைக் கழற்றிக் கரையில் நிறுத்தினார்கள். அடிப்பகுதி இன்றும் அந்தப் பாறையிலேயே நிற்கிறது.

பாடசாலையில் இதைப் படிப்பித்த பிறகுதான் டின்னுக்குள் கிடந்த கட்டிகள் நினைவுக்கு வந்தன. ஒரு விடுமுறை நாளில் ஆய்வுகூடத்தில் ஒரு கட்டியை மெதுவாக நொறுக்கி, உலர்த்தி, நிறுத்து, ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் இட்டேன். நுரைத்துப் பொங்கியது. 1948இல் தொடங்கிச் சோனகத் தெருக் காற்றிலிருந்து அந்தச் சுவர் ஆண்டாண்டாக உள்வாங்கிய காபனீரொட்சைட்டு அது என்ற எண்ணம் வந்தபோது சற்று நேரம் கண்ணாடிக் கோலை அசைக்காமல் நின்றுவிட்டேன். நுரை அடங்கியபின் வடித்து, கழுவி, உலர்த்தினேன். முக்காற்பங்குக்குச் சற்றுக் குறைவாக மண்டி எஞ்சியது. மணல், அதற்குள் சிவப்புத் துணுக்குகள். ஓட்டுத்தூள்.

இந்தச் சோதனையைச் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. கரையோர மணலில் சிப்பித் துண்டும் முருகைத் துகளும் இருந்தால் அவையும் அமிலத்தில் கரைந்துவிடும். எனவே கரைந்த எல்லாமே கொத்தன் இட்ட சுண்ணாம்பு என்று கணக்கிடக் கூடாது. எனது கணக்கும் மேலோட்டமானதே. சிவப்புத் துணுக்கு மட்டும் உறுதி.

அந்தச் சிவப்பைக் கண்டதும் எனக்குள் ஒரு ஆசை எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. குராஸான், இஸ்தான்புல், சோனகத் தெரு என்று ஒரு கோடு இழுத்து அழகான கட்டுரை ஒன்றை எழுதிவிடலாம். எமது வரலாற்றை எழுதுகிறவர்கள் பலரும், நான் உட்பட, எதைத் தொட்டாலும் அரபு நாட்டில் கொண்டுபோய் வேர் தேடும் பழக்கம் உடையவர்கள். ஆனால் உரோமர், பைசாந்தியர், துருக்கியர், இந்தியர் என்று அத்தனை பேரும் ஓட்டுத்தூளைச் சுண்ணாம்போடு கலந்திருக்கிறார்கள். சாந்தில் வம்சாவளி எழுதியிருக்காது. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை எனக்கு வேறொரு இடத்தில் கிடைத்தது.

சாந்து இடித்த சிறுவன்

2010இல் வீட்டைத் திருத்திக் கட்டலாம் என்று குடும்பத்தில் முடிவாயிற்று. வாப்பா அதற்குள் மௌத்தாகிவிட்டார். ஒரு இளம் மேசன் வந்து பார்த்தார். பழைய சுவரை ஆணியால் கீறினார். பொடி உதிர்ந்தது. “இது சரிவராது. இடிச்சுப்போட்டுக் கட்டுவம். இல்லாட்டி நல்ல தடிப்பாச் சீமெந்து பூசுவம்” என்றார். அவரோடு ஒரு முதியவரும் வந்திருந்தார். அயலூரைச் சேர்ந்த தமிழர், 74 வயது. அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இது எங்கடை ஐயா கட்டின வீடு. அப்ப எனக்குப் பன்ரண்டு வயசு. இந்த முத்தத்திலைதான் ஓட்டுத்தூளும் சுண்ணாம்பும் போட்டுச் சாந்து இடிச்சனான். உங்கடை மூத்தாப்பா பின்னேரத்திலை எனக்குப் பனங்கட்டியும் தேத்தண்ணியும் தருவார்.”

மூத்தாப்பாவின் வீட்டை யார் கட்டினார்கள் என்று நாங்கள் யாரும் ஒருநாளும் கேட்டதில்லை. அரபு நாட்டில் நான் தேடிய சிவப்புத் தூளை இடித்தது, இரண்டு மைலுக்கு அப்பால் இருந்து வந்த ஒரு தமிழ்ச் சிறுவனின் உலக்கை.

ஆணியால் கீறினால் உதிர்கிறதே என்று கேட்டேன். அவர் சொன்னதை அன்றிரவே எழுதி வைத்துக்கொண்டேன்.

“சாந்து கல்லை விட மெதுவா இருக்கோணும், தம்பி. மழையும் உப்பும் தின்னட்டும், ஆனாச் சாந்தைத் தின்னட்டும். சாந்தைத் திரும்ப வைக்கலாம். கல்லை எங்கை போய் எடுக்கிறது?”

கட்டடப் பாதுகாப்புத் துறையினர் பல பக்கங்களில் எழுதுவதன் சாரம் இதுதான். பழைய சுவர் நிலத்தடியிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது. சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் மிகுந்தது. அதன் வழியே ஈரம் வெளியேறி ஆவியாகிறது. ஈரம் கொண்டுவந்த உப்பு சாந்தில் பளிங்காகிச் சாந்தை உதிர்க்கிறது. அதன் மேல் சீமெந்தைத் தடிப்பாகப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். உப்பு கல்லுக்குள்ளேயே பளிங்காகிக் கல்லைத் தின்னத் தொடங்கும். வெளியே சுவர் புதிதாகத் தெரியும். உள்ளே உக்கிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் பூச்சுப் பாளமாகக் கழன்று விழும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டே விழும். எமது கரையோரப் பள்ளிவாசல்களில் இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு ஊதி நிற்பதைப் பார்த்திராத வாசகர் இருக்க மாட்டார்.

வலிமையும் நிலைபேறும்

பிரெஞ்சுப் பொறியியலாளர் லூயி விக்கா, தோர்தோஞ் ஆற்றின் குறுக்கே சூய்யாக்கில் பாலம் கட்டும் பணியில் ஈடுபட்டபோது சுண்ணாம்புகளை முறையாக ஆராய்ந்து 1818இல் வெளியிட்டார். சாந்து எவ்வளவு இறுகியது என்று அறிய அவர் பெயரால் வழங்கும் ஊசியை இன்றும் சீமெந்துச் சோதனையில் பயன்படுத்துகிறார்கள். 1824இல் லீட்ஸைச் சேர்ந்த கொத்தனார் ஜோசப் அஸ்ப்டின் போட்லண்ட் சீமெந்துக்கு உரிமம் பெற்றார். பிற்காலத்தில் 1450 பாகை அளவில் சுட்டுச் செய்யப்பட்ட சீமெந்து நாட்களில் இறுகியது, நீரிலும் இறுகியது, சுமையும் தாங்கியது. பாலமும் அணையும் மாடிக் கட்டடமும் அதனால் சாத்தியமாயின. அதைக் குறைசொல்வது நன்றிகெட்ட செயல்.

ஆனால் எங்கோ ஓரிடத்தில் வலிமை என்ற சொல்லும் நிலைபேறு என்ற சொல்லும் ஒன்றாகிவிட்டன. எவ்வளவு இறாத்தல் தாங்கும் என்பதை ஒரு இயந்திரம் ஒரு நிமிடத்தில் சொல்லும். எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை ஆண்டுகளே சொல்ல வேண்டும். அண்மைக்கால ஆய்வுகள் இந்த வேறுபாட்டை மீண்டும் எடுத்துக்காட்டுகின்றன. யூற்றா பல்கலைக்கழகத்தின் மேரி ஜக்சனும் குழுவினரும் 2017இல், உரோமரின் கடற்சுவர்களுக்குள் ஊறிய கடல்நீரே புதிய கனிமங்களை வளர்த்து அவற்றை இறுக்கியது எனக் காட்டினர். இன்றைய கொங்கிறீட்டைக் கெடுக்கும் கடல் அன்றைய சாந்தைக் கட்டியது. 2023இல் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் அத்மிர் மாசிச்சும் குழுவினரும் இத்தாலியின் பிரிவேர்னம் சுவரில் இருந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகளை ஆராய்ந்தனர். அவை சரியாகக் கலக்காத சோம்பேறி வேலையின் அடையாளம் என்றே கருதப்பட்டு வந்தன. நீறாத சுண்ணாம்பைச் சூட்டோடு கலந்ததால் உண்டான அக்கட்டிகள், வெடிப்பில் நீர் புகும்போது கரைந்து, மீண்டும் பளிங்காகி வெடிப்பை அடைக்கின்றன என்று சோதித்துக் காட்டினர். அவ்வாறு செய்து உடைத்த மாதிரிகளில் இரண்டு வாரத்துக்குள் நீர் ஒழுகுவது நின்றது.

பனங்கட்டித் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று பெரியவர்கள் சாந்தில் சேர்த்தவற்றை மூடநம்பிக்கை என்று சிரித்தவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. பசையரிசிக் கஞ்சி கலந்த சீனச் சுண்ணாம்புச் சாந்தை ஜெஜியாங் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2010இல் எழுதினர். கஞ்சியிலுள்ள மாப்பொருள் சுண்ணாம்புப் பளிங்குகளைச் சிறியனவாகவும் நெருக்கமாகவும் வளரச் செய்கிறது என்பது அவர்களது முடிவு. இதனால் பனங்கட்டி பற்றிய ஒவ்வொரு கதையும் மெய்யாகிவிடாது. சிரிப்பதற்கு முன் சோதிக்க வேண்டும் என்பது மட்டும் மெய்.

சுண்ணாம்பும் குற்றமற்றதல்ல

பழமையைப் புகழ்வது இலகுவானது. எனவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். எமது தென்மேற்குக் கரையில் சுண்ணாம்பு என்றால் முருகைக்கல். 1984ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு ஒன்று, அம்பலாங்கொடை தொடக்கம் தெற்குக் கரை நெடுகிலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகைக்கல் சூளைகளுக்குப் போனதாகக் கூறிற்று. உள்நாட்டில் புதைந்திருந்த பழைய படிவுகளும் கரையொதுங்கிய துண்டுகளும் அதில் அடங்கும். உயிருள்ள பாறையும் அடங்கும். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவந்த திருத்தம் கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதையும் சுடுவதையும் தடைசெய்தது. அகழ்வு உடனே நின்றுவிடவில்லை.

2004 டிசம்பர் 26இல் அதன் கணக்குத் தீர்க்கப்பட்டது. பொறியியலாளர் ஹரிந்திர பெர்னாண்டோவும் குழுவினரும் மறு ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, முருகைப் பாறை காக்கப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை இரண்டு மூன்று மீற்றரே உயர்ந்தது, ஏறத்தாழ 50 மீற்றரே உட்புகுந்தது. அதற்கு வடக்கே, பாறை தோண்டப்பட்டிருந்த பெரலியவில் அலை ஏறத்தாழ 10 மீற்றர், ஒன்றரைக் கிலோமீற்றர் வரை உட்புகுந்தது. ரயிலை அலை புரட்டிய இடம் அதுதான். எமது சுவர்களை வெண்மையாக்கிய சுண்ணாம்பு, கடலோரத்தவர்களின் இன்னொரு சுவரை உடைத்தே வந்தது. ஆகவே எல்லோரும் சுண்ணாம்புக்குத் திரும்புவோம் என்று நான் சொல்ல வரவில்லை. சீமெந்தும் உலகின் காபனீரொட்சைட்டு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் வரை பொறுப்பேற்கிறது என்பதும் தெரிந்ததே. கட்டிய சுவரைக் காப்பாற்றி வைத்திருப்பதே மலிவான சுண்ணாம்பும் மலிவான சீமெந்தும்.

எமது வாழ்க்கையின் ஒரு விசித்திரத்தை இங்கே குறிப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்தின் நிலத்துக்கடியில் கிடக்கும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் வடமேற்குக் கரை நெடுகப் புத்தளம் வரை நீள்கிறது. 1950இல் காங்கேசன்துறையில் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை அந்தக் கல்லைத்தான் அரைத்தது. 1990இல் போர் அதை மூடியது. அதே ஆண்டில் நாங்கள் வந்து சேர்ந்த புத்தளத்தின் தொழிற்சாலையும் அருவக்காலுவில் அதே கற்படுகையைத்தான் தோண்டுகிறது. நாங்கள் ஒரு கல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்திருந்தோம்.

சுவர் சொன்ன சாட்சி

வீட்டின் கதையை முடித்துவிடுகிறேன். காணி உறுதி 1990இல் போய்விட்டது. பதிவகத்திலிருந்து பிரதி எடுத்தோம். அதில் எல்லைகள் அயலவரின் பெயர்களால் குறிக்கப்பட்டிருந்தன. அந்த அயலவர்களோ அவர்களது வேலிகளோ இப்போது இல்லை. நில அளவையாளர் அங்குமிங்கும் நூல் பிடித்துப் பார்த்துவிட்டு, உறுதியில் கல்வீடு என்று குறிப்பிட்டிருந்த இடத்தை அந்த முன்னறைச் சுவரிலிருந்துதான் அளக்கத் தொடங்கினார். இளம் மேசன் சொன்னதைக் கேட்டு முதல் நாளே இடித்திருந்தால் அளக்கத் தொடங்க ஓரிடம் இருந்திருக்காது.

அந்த ஒரு சுவரை மட்டும் முதியவர் சுண்ணாம்பும் மணலும் ஓட்டுத்தூளும் குழைத்துத் திருத்தித் தந்தார். மற்றவற்றைச் சீமெந்தால் கட்டினோம். எங்களிடம் அவ்வளவுதான் பணம் இருந்தது, அவரிடம் அவ்வளவுதான் தெம்பு இருந்தது. இளம் மேசன் பக்கத்தில் நின்று சாந்தின் பதத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முதியவர் இப்போது இல்லை. அந்த இளைஞருக்கு அது கைவந்திருக்குமா தெரியாது. சுவர் நிற்கிறது. ஆண்டுக்கொருமுறை நோன்புக்கு முன் வெள்ளையடிக்கிறோம். அதைச் செய்யாமல் விட்டால் அதுவும் போய்விடும். சுண்ணாம்பின் ஆயுள் சுண்ணாம்பில் பாதி, அதைக் கவனிக்கும் மனிதரில் பாதி.

இனி, எமது ஊர்களின் நம்பிக்கையாளர் சபைகளுக்கும் ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. சனம் பெருகும்போது பள்ளிவாசலைப் பெருப்பிக்கத்தான் வேண்டும். ஆனால் பெருப்பிப்பது என்றால் இடிப்பது என்று ஆகிவிட்டது. நாம் இந்த மண்ணில் எத்தனை நூற்றாண்டுகளாக இருக்கிறோம் என்று மேடைகளில் பேசுகிறோம், கட்டுரைகளில் வாதாடுகிறோம். அந்த வாதத்துக்குச் சாட்சியாக நின்ற சுவர்களை நாமே புல்டோசருக்குக் கொடுத்துவிட்டு, மார்பிள் பதித்த புதிய முகப்பில் பழைய ஆண்டைப் பொன்னெழுத்தில் பொறிக்கிறோம். எழுத்தை யாரும் பொறிக்கலாம். சாந்தைப் பொய்யாக்குவது அவ்வளவு இலகுவல்ல. அதற்குள் அந்தக் காலத்து மணலும் கரியும் சிப்பியும் ஓடும் இருக்கின்றன. யார் கையால் ஆனது என்ற நினைவையும் சேர்த்துப் பதிந்து வைத்தால், அயலவரோடு நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதற்கும் அது சாட்சி சொல்லும்.

எனவே எனது வேண்டுகோள் சிறியது. பழைய மிஹ்ராப் சுவரொன்றாவது நிற்கட்டும். அதன்மேல் சீமெந்து பூசாதீர்கள். கூரையையும் நீர்வடியையும் முதலில் திருத்துங்கள். இடித்தே ஆகவேண்டும் என்றால் முன்பு படம் எடுத்து, அளந்து, ஊரில் மிச்சமிருக்கும் பழைய மேசன் ஒருவரை அழைத்துக் காட்டிக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சுவர், எந்த உயரம், எந்தத் திகதி என்று குறித்து ஒரு கைப்பிடிச் சாந்தை ஒரு டின்னில் போட்டுப் பள்ளிவாசல் அலுமாரியில் வையுங்கள். டின்னைத் திறந்து ஏமாறும் பிள்ளைகளில் ஒருவராவது ஒருநாள் இது என்ன என்று கேட்பார்.

எனது டின்னில் நான்கு கட்டிகள் இருந்தன. ஒன்று அமிலத்தில் கரைந்துவிட்டது. மற்ற மூன்றையும் கரைக்க மனம் வரவில்லை.